இந்தப் போர் எந்தப் போரைப் போல?

எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு பிரகாஷ் வந்திருந்தான். நான் ஓய்வு பெற்றபோது எனக்கு அடுத்த மேசையில் இருந்தவன். இன்னும் வேலையில் இருக்கிறான். வெள்ளானூரில் என் தெருவைக் கண்டுபிடிப்பதற்குள் மூன்று முறை போன் செய்து வழி கேட்டுவிட்டான். நாலாபுறமும் அடுக்குமாடி எழும்பியதில் சில நாள் எனக்கே என் வீடு சட்டென்று தெரிவதில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

"சார், உக்ரைன் சண்டையைப் பத்தி நீங்கதான் எழுதணும். வல்லரசுங்க பின்னாடி நின்னுக்கினு சின்ன நாட்டை முன்னாடி உட்டு அடிச்சுக்கற பினாமி சண்டை இதுக்கு முன்னாடியும் நடந்திருக்குல்ல? வியட்நாம், ஆப்கானிஸ்தான்னு. அதுல எதோட இது ஒத்துப்போகுது, அதெல்லாம் எப்படி முடிஞ்சுது, ஒரு நாலு பக்கம் போதும். நீங்கதானே ரஷ்யா போயிட்டு வந்தவரு!"

"நான் எங்கேடா ரஷ்யா போனேன்? நான் போனது உக்ரைன்ல இருக்கற கார்கிவ்."

"அப்போ ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

அப்போது ஒன்றுதான். இப்போது ஒன்றில்லை. ஒன்றாக இருந்தபோது நான் பார்த்ததை வைத்துக்கொண்டு இப்போதையதைப் பற்றி எழுதலாமா, கூடாதா? அந்த இடத்திலேயே எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். "பார்க்கிறேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. இதே ஒப்பீட்டை ஒருமுறை வாயால் செய்துதான் நான்கு வருடத்துக்கு முன் ஏழுமலையின் குடும்பத்தில் நெருப்பை வைத்தேன். ஏழுமலை என்னோடு இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன். கரையான்சாவடியில் பிறந்து வளர்ந்தவன். நான் சொன்னதற்கு அவன் பழி சுமந்துகொண்டிருக்கிறான், நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதாமல் வேறு எதை எழுதினாலும் பொய்யாகத்தான் இருக்கும்.

முறைப்படியே ஆரம்பிக்கிறேன். ஐ.டி.ஐ. முடித்து ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக நுழைந்தேன். ஃபிட்டரானேன். பிறகு தேர்வெழுதி எக்ஸாமினர் ஆனேன். எக்ஸாமினர் என்றால் பள்ளிக்கூடப் பரீட்சைக்காரர் இல்லை. செய்துவந்த பாகத்தை அளந்து பார்த்துத் தேறும், தேறாது என்று முத்திரை குத்துகிறவர். நான் சேர்ந்தபோது எங்கள் கையில் இருந்தது இங்கிலீஷ்காரன் வரைபடம், இன்ச் கணக்கு. கொஞ்ச வருடத்தில் சோவியத் வரைபடம் வந்தது, எல்லாம் மில்லிமீட்டர். அங்கிருந்து வந்த சோதனை இயந்திரங்களைப் பழகிக்கொள்ள எங்களில் சிலரை எட்டு மாதம் கார்கிவுக்கு அனுப்பினார்கள்.

குளிர், கறுப்பு ரொட்டி, கையால் சைகை காட்டி நடந்த பாடம். இவ்வளவுதான் பெரும்பாலும் நினைவிருக்கிறது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் பெயர் ஸ்டெபான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனார். ஒரு தெருவின் நடுவில் நின்று, உள்ளங்கையைக் கவிழ்த்துத் தரைமட்டமாக ஒரு வீசு வீசினார். ஜெர்மன்காரன் சண்டையில் அந்தத் தெரு முழுக்க இடிந்துபோய், பிறகு அவர்களே மறுபடி கட்டினார்களாம். நான் தலையை ஆட்டிவிட்டு, பக்கத்தில் எங்கேயாவது சூடாக டீ கிடைக்குமா என்று கேட்டேன். இருபத்தெட்டு வயசு, குளிர் வேறு!

திரும்பி வந்த பிறகு என்னை வேலை தெரிந்தவனாக்கியவர் சேதுராமன் சார். எங்கள் ஃபோர்மேன். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பேனாவை மூடி சட்டைப் பையில் செருகிவிடுவார், அவ்வளவுதான். அந்த மூடியின் 'டக்' சத்தத்துக்கு நாங்கள் நடுங்கியது போல வேறு எவனுடைய கூச்சலுக்கும் நடுங்கியதில்லை.

டீவியேஷன் ஷீட் என்று ஒரு தாள் உண்டு. வரைபடத்தில் சொன்ன பாகம் ஸ்டோரில் இல்லை, அதைப் போல வேறொன்று இருக்கிறது, அதைப் போடலாமா என்று அனுமதி கேட்கும் தாள். எங்கள் பிரிவில் அதோடு இன்னொரு வெள்ளைத் தாளும் இணைக்க வேண்டும். நடுவில் கோடு. இடது பக்கம் இரண்டுக்கும் எவையெல்லாம் பொருந்துகின்றன என்று எழுத வேண்டும். வலது பக்கம் எவை பொருந்தவில்லை என்று. இது சேதுராமன் சாருடைய ஏற்பாடு. தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதல் வேலையாக இடது பாதியைப் பின்னால் மடித்துவிடுவார். வலது பாதியை மட்டும்தான் படிப்பார். அது காலியாக இருந்தால் 'டக்'.

சோவியத் உடைந்ததும் அங்கிருந்து வர வேண்டிய சாமான்கள் நின்றுபோயின. யாருக்குக் கடிதம் போடுவது, எந்த நாட்டுக்குப் போடுவது என்றே மேலே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அப்போது ஹைட்ராலிக் குழாய் இணைப்பில் போடும் ஒரு ரப்பர் வளையம் தீர்ந்துவிட்டது. இங்கேயே ஒருவர் செய்துகொடுத்தார். உள் விட்டம், கனம், கடினம், நிறம் எல்லாம் அச்சாக அதேதான். நான் இடது பக்கத்தை வரிவரியாக நிரப்பி, வலது பக்கம் "ஒன்றுமில்லை" என்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன். சார் மடித்தார், பார்த்தார்.

"ஒண்ணுமில்லைன்னா, தேடிப் பார்த்து ஒண்ணுமில்லையா, தேடாமலே ஒண்ணுமில்லையா?"

"எல்லா அளவும் பார்த்துட்டேன் சார்."

"இதை எந்த எண்ணெய்ல போடப் போறோம்?"

சொன்னேன்.

"அதுல ஊற வெச்சியா?"

ஊற வைக்கவில்லை. பார்வைக்கு ஒன்றாக இருந்தது, அளவுக்கு ஒன்றாக இருந்தது, அதற்கு மேல் எனக்குத் தோன்றவில்லை. அதே எண்ணெயில், அதே சூட்டில் மூன்று நாள் வைத்து எடுத்தபோது வளையம் சாம்பாரில் ஊறிய வடையாக உப்பியிருந்தது, நகத்தால் கிள்ளினால் பிய்ந்து வந்தது. அப்போது சோதனை மேடையில் அந்தக் குழாய்க்கு நேர் எதிரே நின்று வேலை பார்த்தவன், புதிதாகச் சேர்ந்திருந்த ஏழுமலை. வளையம் விட்டுப்போயிருந்தால் கொதிக்கும் எண்ணெய் அவன் முகத்தில்தான் பாய்ந்திருக்கும். "என் மூஞ்சியக் காப்பாத்தினது அந்த வடைதாண்ணே" என்று வருடக்கணக்கில் சொல்லிச் சிரிப்பான். சார் என்னைத் திட்டவில்லை. வேறு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "இந்த வாட்டி வலது பக்கத்துலேர்ந்து எழுது" என்றார்.

இதையெல்லாம் கற்று, கொட்டை போட்டு, ஓய்வும் பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் 2022-இன் அந்தப் பிப்ரவரி வந்தது.

ஏழுமலையின் ஒரே பெண் பவித்ரா கார்கிவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள், மூன்றாம் வருடம். எந்த ஊர், எந்த நாடு என்று அவர்கள் அல்லாடியபோது கார்கிவ் நல்ல ஊர் என்று நற்சான்று கொடுத்ததும் நான்தான். எல்லையில் ரஷ்யப் படை குவிந்திருந்தது. கட்டாயம் இருந்தாக வேண்டும் என்று இல்லாதவர்கள் தற்காலிகமாகக் கிளம்பிவிடுங்கள் என்று தூதரகம் சொல்லியிருந்தது. கல்லூரியிலோ வகுப்புக்கு நேரில் வராவிட்டால் வருகைப்பதிவு போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். ஏழுமலை டிக்கெட் எடுத்து வைத்துவிட்டு, காலைப் பலகார வேளையில் ஸ்கூட்டரில் என்னிடம் ஓடி வந்தான்.

"இன்னாண்ணே பண்றது? பாப்பா வருஷம் பூடும்னு அழுவுது. இங்க டிவிய போட்டா பயமா கீது. நீதான் அந்த ஊர்ல இருந்தவன். நீ சொல்லு, வர சொல்லட்டா, அங்கியே இருக்க சொல்லட்டா?"

கேட்டதுதான் தாமதம், நான் ஆரம்பித்துவிட்டேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பழைய கதையெல்லாம் எனக்கு மனப்பாடம், கேட்கத்தான் ஆளில்லாமல் இருந்தது. செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்கி போனபோது என்ன ஆனது? தெருமுனையில் போய் நின்றது, ஆட்சி மாறியது, தீர்ந்தது. இங்கேயும் இறங்கினால் அப்படித்தான் இறங்குவான். அநேகமாக இறங்கவே மாட்டான். உக்ரைனின் கிழக்கு ஓரத்தில் எட்டு வருடமாக ஆள் வைத்துச் சண்டை நடத்துகிறானே, அதையே தொடர்வான். அமெரிக்காக்காரன் பின்னால் நின்று சாமான் கொடுப்பான். கார்கிவில் தெருவெல்லாம் ரஷ்யப் பேச்சுதான் கேட்கும், சொந்தக்காரன் தலையில் எவனாவது குண்டு போடுவானா? அடேயப்பா, என்ன பேச்சு பேசினேன்!

"பெத்தவங்க மனசு வரச் சொல்லுதுன்னா வர விடுங்களேன். உங்களுக்கு அங்க இப்ப என்ன தெரியும்?" என்று என் மனைவி தோசைக் கரண்டியோடு வந்து கேட்டாள்.

"நீ சும்மா இரு" என்றேன். ஏழுமலையிடம், "அவசரப்பட்டுப் பொண்ணு படிப்பைக் கெடுக்காதே. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணு" என்றேன்.

"கன்பார்மாண்ணே?"

"கன்பார்ம்."

ஒரு வாரம் கழித்துக் கார்கிவில் குண்டு விழ ஆரம்பித்தது. ஆறு நாள் பவித்ரா விடுதியின் நிலவறையில் கிடந்தாள். குடிதண்ணீர் எடுக்க மேலே போன ஒருநாள் பக்கத்துத் தெருவில் ஒன்று விழுந்தது. நடந்து ரயிலடிக்குப் போய், ரயில்களில் இடம் கிடைக்காமல் நின்று, எப்படியோ ஏறி, மேற்கு எல்லையைத் தாண்டி வந்து சேர்ந்தாள். உயிரோடு வந்தாள். இடது காது மட்டும் திரும்பி வரவில்லை. எத்தனையோ டாக்டரிடம் காட்டினார்கள், அந்தப் பக்கம் இனி கேட்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பிறகு வேறு நாட்டுக் கல்லூரிக்கு மாறிப் படிப்பை முடித்துவிட்டாள். இங்கே தொழில் செய்ய எழுத வேண்டிய தேர்வுக்கு இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள்.

யார் பேச்சைக் கேட்டு டிக்கெட்டைக் கேன்சல் பண்ணினாய் என்று ஏழுமலையின் மனைவி செல்வி கேட்டிருக்கிறாள். "நானாத்தான் பண்ணேன்" என்று இவன் சொல்லிவிட்டான். என்னிடம் வந்து, "ஊட்ல உன் பேரை எடுக்கலண்ணே. நீ வாயத் தொறக்காத. எங்க ஊட்டோட போவட்டும்" என்றான்.

எனக்கு வந்தது நிம்மதி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதிதான். அன்றிலிருந்து செல்வி அவனோடு நேராகப் பேசுவதில்லை. "சோறு போட்டாச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்று பெண் வழியாகத்தான் எல்லாம். இதையும் ஏழுமலைதான் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான். அவன் ஏன் என்னைக் காப்பாற்றினான் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. கேட்டால், "உடுண்ணே" என்கிறான்.

பிரகாஷ் போன பிறகு சேதுராமன் சார் முறைப்படியே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். முதலில் வியட்நாம். ஒரு வல்லரசு நேராக இறங்கியது, மற்ற பெரியவர்கள் பின்னாலிருந்து ஆயுதம் கொடுத்தார்கள். அமெரிக்காவின் இடத்தில் இப்போது ரஷ்யா, ஆளை மாற்றிப்போட்டால் பொருந்துகிறது. ஆனால் வியட்நாம்காரனும் அமெரிக்காக்காரனும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இல்லை, சம்பந்தி இல்லை, ஒருவன் பேசுவது மற்றவனுக்கு விளங்காது. சரி, ஆப்கானிஸ்தான். அங்கே இறங்கியவனே இங்கேயும் இறங்கியிருக்கிறான், பின்னாலிருந்து கொடுப்பவனும் அதே ஆள். இது பொருந்துகிறது என்று எழுதப்போனால், அன்றைக்கு ஆப்கானிஸ்தானுக்குப் போன சோவியத் சிப்பாய்களில் கார்கிவ் பையன்களும் இருந்தார்களே! அப்போது அவன் எந்தப் பக்கம், இப்போது எந்தப் பக்கம்? ஸ்பெயினைப் பார்த்தேன். ஜெர்மனியும் இத்தாலியும் ஒரு பக்கம், சோவியத் ஒரு பக்கம், புது ஆயுதத்தையெல்லாம் அடுத்தவன் ஊரில் போட்டுப் பார்த்தார்கள். ஆனால் அது ஒரே நாட்டுக்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டது. கொரியாச் சண்டை நாட்டை இரண்டாக்கிய ஒரு எல்லைக்கோட்டில் போய் நின்றது. இது எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

மறுநாள் பிரகாஷ் போனில், "வங்கதேசத்தையும் சேருங்க சார்" என்றான். அதற்கு சோவியத் நமக்குத் துணை நின்றது, அமெரிக்கக் கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வந்தது. அதை நாம் விடுதலை என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம், பினாமி சண்டை என்று சொல்வதில்லை. இதை மட்டும் எப்படிச் சொல்வது? "அப்ப இலங்கை சார்?" என்றான். "போனை வை" என்றேன். அதைத் தொட்டால் எந்தப் பக்கத்தில் எதை எழுதுவது என்று எனக்கு முப்பது வருடமாகத் தெரியவில்லை, இனிமேலா தெரியப்போகிறது?

வலது பக்கம் நிரம்பி, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுத வேண்டியதாயிற்று. ஒன்றை உருவி எடுத்தால் இன்னொன்று இடித்தது. ஸ்டெபான் இருந்தால் இன்றைக்குத் தொண்ணூறு தாண்டியிருப்பார். அவர் கையை வீசிக் காட்டினாரே அந்தத் தெரு? நான் தேடிய ஒப்பீடு அந்தத் தெருவிலேயே கிடந்தது. அதை விட்டுவிட்டு செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போனேன். ஆனால் அப்படிச் சொல்வதும் சரியா? அன்றைக்கு இடித்தவன் ஜெர்மன்காரன். காத்தவர்களில் ரஷ்யாக்காரனும் இருந்தான். மண்டை காய்ந்தது.

"பினாமின்னா அடுத்தவன் சொத்துக்குத் தன் பேரைக் கொடுக்கறவன். கார்கிவ்காரன் தன் சொந்த வீட்டுக்குள்ளதானே அடிவாங்கறான்? அவனை எப்படிப் பினாமின்னு எழுதறது?" என்று என் மனைவியிடம் புலம்பினேன்.

அவள் என் தாளைப் பார்க்கக்கூட இல்லை. "அவன் பினாமியோ இல்லையோ, எனக்குத் தெரியாது. உங்க தப்புக்கு நாலு வருஷமா ஏழுமலை பினாமியா இருக்கறது தெரியும்" என்றாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆவடி வந்து, பூந்தமல்லி பஸ் பிடித்து, கரையான்சாவடியில் இறங்கும்போது மதியம் மூன்று மணி. ஏழுமலை வீட்டில் இல்லை. செல்வி கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. அவரு வெளிய போய்க்கிறாரு."

"உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் செல்வி" என்றேன். உட்காரவில்லை. உட்கார்ந்தால் டீ வரும், டீ குடித்தால் வேறு பேச்சு வரும். "அந்த டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொன்னது ஏழுமலை இல்லை. நான். அவன் வரச் சொல்லணும்னுதான் நினைச்சான். ஒண்ணும் ஆகாதுன்னு நான்தான் அடிச்சுச் சொன்னேன்."

அவள் கையிலிருந்த துண்டை மடித்து முடித்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாப்பா மொதல்ல எனக்குத்தாண்ணா போன் பண்ணிச்சு" என்றாள். "'கெளம்பி வந்துடட்டுமாம்மா'ன்னு கேட்டுச்சு. 'எனக்கு இன்னா தெரியும், அப்பாவைக் கேளு'ன்னு போனை வெச்சுட்டேன். நான் அவரைக் கை காட்டுனேன். அவரு உங்களைக் கேட்டாரு. நீங்க யாரைக் கேட்டீங்க?"

மடித்த துண்டை அடுக்கின் மேல் வைத்தாள்.

"அந்த மனுசனை நான் பேசாத பேச்சில்ல. எம்மேல கீற கோவத்தையும் சேத்து அவர் மேலயே கொட்டிகினு கீறேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்கிட்ட வந்து சொல்றீங்களே, நானா அங்க மாட்டிகினு கெடந்தேன்? கெடந்தவ உள்ள கீறா. அவகிட்ட சொல்லுங்க."

உள் அறையில் பவித்ரா ஜன்னல் பக்கம் மேசை போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். வாசற்படியிலேயே நின்றேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை, அவள் திரும்பாமல் இருந்தது வசதியாகப் போயிற்று. எல்லாவற்றையும் சொன்னேன். உன் அப்பா என்னிடம் வந்தார், நான் பழைய சண்டைகளையெல்லாம் அளந்தேன், அந்த ஊர் எனக்குத் தெரியும் என்றேன், நீ வரக் கிளம்பியதைத் தடுத்தது நான், இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான் என்று நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். அவள் பக்கத்தைப் புரட்டி ஏதோ ஒரு வரியின் கீழ் கோடு போட்டாள். மன்னிக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் நியாயம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "பெரியப்பா! எப்ப வந்தீங்க?" என்று வலது காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். பாடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் நின்றது அவளுடைய இடது பக்கம். "சாரி பெரியப்பா, அந்தப் பக்கம் நின்னா எனக்குக் கேக்காது. இப்படி வாங்க. எதாவது சொன்னீங்களா?"

எனக்குப் பின்னால் செல்வி வந்து நின்றிருந்தாள். நான் மேசையைச் சுற்றிப் போய், பவித்ராவின் வலது பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இந்த முறை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றேன். "உன் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொன்னது உங்கப்பா இல்லை. நான்."